மலையேற்றக் குழுவை போன் வழியாக ஒன்றாக வைத்திருப்பது எப்படி: தக்கலையிலிருந்து சில வழிமுறைகள்

மலையேற்றக் குழு தொடங்குகிறவர்கள் முதல் வேலையாக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்குவார்கள். முதல் மாதம் எல்லோரும் படம் போடுவார்கள். அடுத்த மாதம் குட்மார்னிங் பூக்கள் வரும். அப்புறம் யாரோ ஒரு கட்சிச் செய்தியை ஃபார்வர்ட் செய்வார்கள், ஆட்கள் சத்தமில்லாமல் மியூட் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகும் அறிவிப்பு அந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கும். இப்படி அடங்கிப்போன குழுக்களைப் பற்றி என் கடைக்கு வருகிறவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் வரை கடை உண்டு என்பதால், எங்கள் குழு மலையேறும் பல நாட்களில் நான் கீழேதான் இருப்பேன். குழுவின் போன் வேலைகள் என்னிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான். மேலே போகிறவர்களுக்கு மலையே போதும். கீழே இருக்கிறவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் குழு குழுவாக இருக்கும். நான் இங்கே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு எண்ணத்தில் இருந்து வந்தவை.

எங்கள் குழுவில் யார் யார் என்று சொன்னால் இது புரியும். மார்த்தாண்டத்தில் ஒரு நர்ஸ், நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியர்கள், குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், குளச்சலில் ஆழ்கடல் மீன்பிடிக்கப் போகும் ஒரு அண்ணன், குவைத்திலும் கத்தாரிலும் வேலை பார்க்கும் பையன்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே மலையில் நிற்பது நடக்காத காரியம். ஆனால் எல்லோருக்கும் இந்த மலைகள் மேல் பிரியம் உண்டு.

குரூப்பை இரண்டாகப் பிரியுங்கள்

வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற வசதி இருக்கிறது. அதைத் தொடங்கினால் அறிவிப்புக்கென்று தனியாக ஒரு குரூப் தானாகவே வரும். அதில் அட்மின்கள் மட்டும்தான் எழுத முடியும். அரட்டைக்கு இன்னொரு குரூப் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக் குரூப்பில் மூன்றே வகைச் செய்திகள்: பயண அறிவிப்பு, கிளம்பியது மற்றும் இறங்கியது பற்றிய தகவல், அவசரம். பிறந்தநாள் வாழ்த்துகூட வேண்டாம். குளச்சல் அண்ணன் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் போனில் கிடைக்கமாட்டார். கரைக்கு வந்து போனைத் திறக்கும்போது அரட்டைக் குரூப்பில் ஆயிரம் செய்தி இருக்கும், அதை அவர் படிக்கவே வேண்டியதில்லை. அறிவிப்புக் குரூப்பை மேலிருந்து கீழே ஒரு தடவை தள்ளினால் குழுவில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். அறிவிப்புக் குரூப் சரியாக நடக்கிறதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அவர்தான்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. அறிவிப்புக் குரூப்பில் உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். பெண்கள் சேரத் தயங்குவதற்கு முக்கியமான காரணமே எண் வெளியே போய்விடும் என்பதுதான். அறிமுகமில்லாத ஆள் இரவு பதினொரு மணிக்கு ‘ஹாய்’ அனுப்பினால் எந்தப் பெண் தொடர்ந்து இருப்பாள்? புதிதாகச் சேரும் பெண்களை முதலில் அறிவிப்புக் குரூப்பில் மட்டும் சேர்க்கிறோம். அரட்டைக் குரூப்புக்கு வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். அப்படி யாராவது தனியாகத் தொல்லை கொடுத்தால் எச்சரிக்கை எல்லாம் கிடையாது, அன்றே நீக்கம். இந்த விதியை வெளிப்படையாக எழுதி அரட்டைக் குரூப்பின் விவரப் பகுதியில் போட்டுவிடுங்கள்.

மதம், கட்சி, சாதி பற்றி எந்தச் செய்தியும் கூடாது என்பது அடுத்த விதி. நம் மாவட்டத்தில் மூன்று மதத்துக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து வீடு. மலையில் ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் பாறை ஏறுகிறோம். அந்தக் கையை ஒரு ஃபார்வர்ட் செய்தி கெடுக்க விடக்கூடாது. அட்மின்கள் மூன்று பேராவது இருக்கட்டும், மூவரும் வெவ்வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் நல்லது.

பயண அறிவிப்பை எழுதும் விதம்

‘நாளை மறுநாள் மலை, யாரெல்லாம் வர்றீங்க?’ என்று போட்டால் நாற்பது பதில் வரும், ஒன்றிலும் விவரம் இருக்காது. நாங்கள் போடும் அறிவிப்பு இப்படி இருக்கும்:

*ஞாயிறு, மருந்துவாழ் மலை. காலை 5.15-க்கு பொற்றையடியில் கூடுகிறோம். பிள்ளைத்தடம் குகை வழியாக உச்சி. ஒவ்வொருவரும் 2 லிட்டர் தண்ணீர், டார்ச், பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ. 10 மணிக்குள் கீழே. போன் பொறுப்பு: தக்கலை கடை அண்ணன். 11 மணி வரை தகவல் வராவிட்டால் அவர் அழைக்கத் தொடங்குவார். வருகிறவர்கள் சனி இரவு 8-க்குள் பெயர், இரத்த வகை, வீட்டில் ஒருவர் எண் மூன்றையும் எனக்குத் தனியாக அனுப்பவும்.*

இதில் அலங்காரம் எதுவும் இல்லை, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. நாராயண குரு தவம் இருந்த குகை என்பதால் பிள்ளைத்தடத்தில் ஆட்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் பத்து மணி என்று போடுகிறோம். விவரங்களைத் தனியாக அனுப்பச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. வாக்கெடுப்பு வைத்தால் ஆசையில் எல்லோரும் ‘வருகிறேன்’ பொத்தானை அமுக்கிவிடுவார்கள், காலையில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். மூன்று விவரத்தை உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர் கட்டாயம் வருவார். வாக்கெடுப்பை எந்த மலை, எந்த வாரம் என்று கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் போகும் பயணம் என்றால் அறிவிப்பில் இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: அனுமதி. நம் மாவட்டத்துக் காடுகளின் பெரும்பகுதி 2008-இல் இருந்து வனவிலங்கு சரணாலயம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024-இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவும், கூடவே வழிகாட்டியும் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த அனுமதிச் சீட்டின் படத்தை அறிவிப்போடு சேர்த்துப் போடுங்கள். அனுமதி கையில் வருவதற்கு முன் தேதி அறிவிக்க வேண்டாம். அறிவித்துவிட்டால் ஆட்கள் லீவு போட்டுவிடுவார்கள், அப்புறம் ‘எப்படியாவது போயிடலாம் அண்ணே’ என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு வரவே கூடாது.

போன் பொறுப்பு: இதுதான் முக்கியம்

மேலே போகாத ஒருவர், அன்று முழுக்க போனைக் கையில் வைத்திருப்பவர், அவர்தான் போன் பொறுப்பு. குழுவில் ஒவ்வொருவரும் முறைவைத்து இதைச் செய்ய வேண்டும், பயணத்தை நடத்துகிறவரும் உட்பட. அந்தப் பொறுப்பில் ஒருநாள் உட்கார்ந்தவர்கள் அடுத்த தடவை மலையில் இருந்து தகவல் சொல்ல மறப்பதே இல்லை.

முதலில் சிக்னல் பற்றிச் சொல்கிறேன், கடையில் தினமும் விளக்குகிற விஷயம் இது. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் எட்டு மணி நேரம் வரை பகிரலாம். ஆனால் டேட்டா இல்லாத இடத்தில் அது நின்றுவிடும். கீழே இருப்பவர் போனில் நிற்கும் புள்ளி பழைய புள்ளி. அதைப் பார்த்துக்கொண்டு ‘அவங்க இன்னும் அங்கேயேதான் இருக்காங்க’ என்று நினைத்தால் தப்பாகிவிடும். பாலமோர், கீரிப்பாறை, கோதையாறு பக்கம் உள்ளே போய்விட்டால் லைவ் லொகேஷனை நம்பவே வேண்டாம்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்கிறோம். சிக்னல் கிடைக்கும் கடைசி இடத்தில் எல்லோரும் நிற்போம். தலை எண்ணி, ‘9 பேர், எல்லோரும் நலம், இனி சிக்னல் இல்லை, அடுத்த தகவல் மதியம் 2-க்கு’ என்று ஒரு செய்தியும், இருக்கும் இடத்தின் லொகேஷனும் அனுப்புவோம். டேட்டா இழுக்காவிட்டால் சாதாரண எஸ்எம்எஸ். டேட்டா போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் நழுவிப் போய்விடும், இதைப் பல தடவை பார்த்தாயிற்று. அப்புறம் இரண்டு போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவோம். டவர் தேடித் தேடித்தான் பேட்டரி தீர்கிறது. மலையில் காலையில் நூறு சதவீதம் இருந்த போன் மதியம் செத்துக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், கேமரா இல்லை. விழித்திருக்கும் அந்த இரண்டு போனும் வெவ்வேறு கம்பெனி சிம்மாக இருக்கட்டும்.

ஏரோபிளேன் மோடிலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும், அதற்கு டவரோ டேட்டாவோ தேவையில்லை. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற இலவச ஆப்களில் நம் மாவட்டத்து வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் காட்டுக்குள்ளும் நாம் நிற்கும் புள்ளி தெரியும். ஒருவருக்காவது பாதையைப் பதிவு செய்யும் வேலையைக் கொடுங்கள். அந்தப் பாதைப் பதிவை (ஜிபிஎக்ஸ் கோப்பு) வந்தவுடன் போன் பொறுப்பு ஆளுக்கு அனுப்பிவிட வேண்டும்.

டவர் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசஞ்சர் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் அதைப் பார்த்திருப்பார்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் சாட்டிலைட் போனோ அந்த மாதிரிக் கருவியோ வைத்திருப்பது சட்டவிரோதம், அது தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே பிடிபட்டிருக்கிறார்கள். கல்ஃபில் இருந்து வரும் தம்பிகள் யாரும் ஆசையாக வாங்கி வந்துவிட வேண்டாம்.

நேரம் கடந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பயணத்துக்கு முந்தின நாளே எழுதி வையுங்கள். எங்கள் தாளில் இருப்பது இது: சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் பொறுக்கலாம். அப்புறம் போனவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்துப் பார்க்க வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதி வனத்துறை அலுவலகத்தையும், உள்ளூரில் நமக்குத் தெரிந்த ஆளையும் அழைக்க வேண்டும். அடுத்த ஒரு மணி நேரத்தில் தகவல் இல்லையென்றால் அவசர உதவி எண் 112. வீட்டுக்காரர்களுக்குப் போன் பொறுப்பு ஆள் மட்டுமே பேச வேண்டும். அரட்டைக் குரூப்பில் ஒரு வார்த்தைகூடப் போகக்கூடாது.

கடைசி விதி எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு ஐப்பசி மழையில் பார்த்தோம். கீரிப்பாறை பக்கம் வழிகாட்டியோடு போன குழு திரும்பும் வழியில் ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது. மலையில் எங்கேயோ பெய்த மழை, இவர்கள் நின்ற இடத்தில் தூறல்தான். வழிகாட்டி கடக்க விடவில்லை, தண்ணீர் வடியும்வரை அக்கரையிலேயே உட்கார வைத்துவிட்டார். போன் பொறுப்பு மார்த்தாண்டம் நர்ஸுக்கு. அறிவிப்பிலேயே ‘ஓடையில் தண்ணீர் ஏறினால் காத்திருப்போம், மூன்று மணி நேரம் வரை தாமதம் ஆகலாம்’ என்று எழுதியிருந்தது. நேரம் கடந்ததும் அவர் தாளைப் பார்த்து வரிசையாகச் செய்தார். வனத்துறை ஆளிடம் பேசி, மேலே ஓடையில் தண்ணீர் ஏறியிருப்பதைத் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் தானே அழைத்து, ‘தண்ணி வடியட்டும்னு காத்திருக்காங்க, அனுபவமுள்ள ஆள் கூட இருக்கார், தகவல் வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்’ என்றார். இருட்டுவதற்கு முன் ‘இறங்கியாச்சு, 7 பேர்’ என்று எஸ்எம்எஸ் வந்தது. அரட்டைக் குரூப்பில் அன்று மாலை யாரோ புட்டு செய்முறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வதந்தியும் கிளம்பவில்லை. அந்த நர்ஸ் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அன்றிலிருந்து இன்னும் கூடியது.

இறங்கியதும் அனுப்பும் செய்தியில் எண்ணிக்கை இருக்க வேண்டும். ‘வந்தாச்சு’ மட்டும் போதாது. போனது எத்தனை பேரோ அத்தனை பேர் வந்தார்கள் என்று எழுத வேண்டும்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு குறிப்பு. போனில் ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’ என்று காட்டினால் 112 அடித்துப் பாருங்கள். உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் பக்கத்தில் வேறு கம்பெனி டவர் இருந்தால் அதன் வழியாக அழைப்பு போகும்.

ஆன்லைன் இல்லாத நாளுக்கும் தயாராக இருங்கள்

2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓக்கிப் புயலில் ரப்பரும் தென்னையும் வாழையும் சரிந்து, கரண்ட் கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டவர்களும் அடங்கின. கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் கரையில் குடும்பங்கள் நின்றதைப் பார்த்த ஊர் இது.

அதனால் எல்லா உறுப்பினரின் பெயரும், எண்ணும், இரத்த வகையும், வீட்டுக்கு வழியும் ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். அட்மின்களிடம் மட்டும் ஆளுக்கு ஒன்று. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், குளச்சல், குலசேகரம் என்று பகுதிக்கு ஒருவர் பொறுப்பு. போன் வேலை செய்யாவிட்டால் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு தன் பகுதி வீடுகளுக்கு நேரில் போவார். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசியில் வரும் துலா மழைக்கு முன், அந்தத் தாளைப் புதுப்பித்துவிடுங்கள்.

மலைக்கு வர முடியாதவர்களுக்கு

குவைத்தில் இருக்கும் பையனுக்கு அழகான படம் அனுப்பினால் ஒரு இதயம் போடுவான், அவ்வளவுதான். அவனுக்கு வேலை கொடுத்துப் பாருங்கள். எங்கள் அனுமதிப் பதிவு, வானிலை பார்ப்பது இரண்டும் கல்ஃப் தம்பிகள் கையில். வெள்ளியும் சனியும் வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் பயணம் இல்லை. அந்த அதிகாரத்தைக் கொடுத்த பிறகு அவர்கள் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

குளச்சல் அண்ணனின் வேலை வேறு. கடலில் இருந்து கரை மலைகளை அடையாளமாக வைத்துத்தான் மீன் கிடைக்கும் இடத்தைக் குறிப்பார்கள் அந்தக் காலத்து ஆட்கள். அவர் அப்பாவிடம் கற்றது அது. எந்த மலை எந்த மலைக்குப் பின்னால் மறையும், எந்தப் பக்கம் கருக்கல் கட்டினால் எத்தனை நேரத்தில் மழை வரும் என்றெல்லாம் வாய்ஸ் நோட்டில் சொல்வார். நாங்கள் மேலே நின்று பார்க்கும் மலையை அவர் தண்ணீரில் நின்று பார்த்தவர். அந்த வாய்ஸ் நோட்டுகளை ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டரில் தேதி போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறோம். வீடியோவை விட வாய்ஸ் நோட் நல்லது. சமையலறையிலும் கேட்கலாம், பால்வெட்டும் போதும் கேட்கலாம், டேட்டாவும் அதிகம் போகாது.

மாதம் ஒருமுறை கூகுள் மீட்டில் கூடுங்கள். இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம் கிடைக்கும், அதற்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் நேரம் வெள்ளி இரவு 8.30. அப்போது குவைத்திலும் கத்தாரிலும் மாலை 6, அங்கே வெள்ளி விடுமுறையும்கூட. ஒருவர் ஒரு மலையைப் பற்றிப் பேசுவார், அப்புறம் கேள்வி. இமயமலைக் கனவு உள்ள பிள்ளைகளுக்காக 1929 முதல் வரும் ஹிமாலயன் ஜர்னலில் இருந்து ஒரு கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொல்கிறோம். பழைய இதழ்கள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பனியையே பார்க்காத பிள்ளைகள் பனிப்பாறையில் விழும் ஆழமான பிளவுகளைப் பற்றிக் கேள்வி கேட்பதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

படங்களும் பாதைகளும்

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் கூகுள் போட்டோஸில் ஒரு ஆல்பம், பெயர் ‘மலை, மாதம், ஆண்டு’. அதன் இணைப்பை மட்டும் குரூப்பில் போடுங்கள். பெண்கள், குழந்தைகள் படத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே பகிரக் கூடாது.

காட்டுக்குள் உள்ள அருவி, ஓடைக்குளம், உச்சி ஆகியவற்றின் லொகேஷனைப் பொதுவில் போடவே போடாதீர்கள். அழகான ரீல் ஒன்று பரவினால் அடுத்த ஞாயிறு அனுமதி இல்லாமல் இருபது பைக் வந்து நிற்கும். அங்கே வழுக்கும் பாறையில் விழுகிறவன் எந்தக் குழுவிலும் இல்லாதவன், அவனுக்காகக் கீழே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார யாரும் இல்லை. மலையில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர் குடியிருப்புகளையும் அப்படிப் படம் எடுத்துப் போடக்கூடாது.

அமைதியாகிவிட்டவர்கள்

மூன்று மாதமாக ஒரு பயணத்துக்கும் வராத, ஒரு செய்திக்கும் பதில் போடாத உறுப்பினர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருங்கள். அவர்களைக் குரூப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், சங்கடப்படுவார்கள். யாராவது ஒருவர் நேரடியாகப் போன் செய்து பேச வேண்டும். கை ஒடிந்திருக்கும், குழந்தை பிறந்திருக்கும், வேலை போயிருக்கும், வண்டிக்குப் பெட்ரோல் போடக் காசு இல்லாமல் இருக்கும். காசுதான் காரணம் என்றால் அடுத்த பயணத்தில் அவர் ஊர் வழியாகப் போகிறவரின் பைக்கில் இடம் சொல்லிவிடுங்கள். உடம்பு சரியில்லை என்றால் போன் பொறுப்பைக் கேட்டுப் பாருங்கள், படுக்கையில் இருந்தே செய்யலாம். விலக விரும்பினால் மறுபேச்சு இல்லாமல் எண்ணை நீக்கி, தாளிலும் அடித்துவிட்டு, இரத்த வகையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.